நாங்க இருக்கோம்ல

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் சாப்பாட்டு மேசையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்துவைத்து ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்க, அவள் தலை நிமிராமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். "இரண்டாம் உலகப்போருக்கு விதை போட்டது எது?" "வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை." "எப்படி?" "ஜெர்மனிய ரொம்பக் கடுமையா தண்டிச்சுட்டாங்க." "யாரு?" "பிரான்ஸ் பிரதமர் கிளெமான்சோதான். பழிவாங்கத் துடிச்சாரு." முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எழுதினேன். ஐந்துக்கு ஐந்து. (புத்தகத்தில் வெர்செய்ல்ஸ். பிரெஞ்சுக்காரர் வாயில் அது வெர்சாய். எனக்கு இரண்டாவதுதான் நாக்கில் வருகிறது.)

அப்புறம் அவள் நீலப் பேனாவை எடுத்து ரைன் நதி மேல் ஒரு இழு இழுத்தாள். இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "அப்பா, அவருக்கு அவ்வளவு கோவம்னா இந்த ஆத்து வரைக்கும் ஏன் எடுத்துக்கல? ஜெயிச்சது அவங்கதானே? ஆறு குறுக்க இருந்தா மறுபடி வர்றது கஷ்டம்ல?" என்னிடம் பதில் இல்லை. "இதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்று சொல்லி வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. தேடித்தேடிப் படித்ததில், முப்பது வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்த ஐந்து மார்க் பதிலே ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது.

ஜெயித்தவர்களில் மூன்று பேருக்கு மூன்று கணக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குச் சர்வதேச சங்கம் வேண்டும், பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்குக் கடலும் வணிகமும் வேண்டும், கிளெமான்சோவுக்குப் பாதுகாப்பு வேண்டும். (நாலாவதாக இத்தாலியின் ஆர்லாண்டோ இருந்தார். ஃபியூம் துறைமுகத்துக்காக ஏப்ரலில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனார். அவர் இல்லாமலே வேலை நடந்தது, திரும்பி வந்துவிட்டார்.) ஆனால் யாருடைய கணக்கு எப்போது தீர்ந்தது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான். 1919 ஜனவரி 18-ஆம் தேதி பாரிஸில் மாநாடு தொடங்கியபோதே பிரிட்டனுக்கு வேண்டியதில் பெரும்பாகம் கைக்கு வந்துவிட்டது. ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காபா ஃப்ளோவில் நங்கூரம் போட்டு நின்றன. ஆப்பிரிக்காவிலும் பசிபிக்கிலும் ஜெர்மனியிடம் இருந்த காலனிகள் நேசநாடுகளின் கையில். அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவில் ஒரு காணி நிலமும் தேவையில்லை. வயிறு நிறைந்தவர் ஒருவர், பசியே இல்லாதவர் ஒருவர். பந்தியில் இலை காலியாக இருந்தது மூன்றாமவருக்கு மட்டும்தான். அவர் சாப்பாடு கேட்டபோதெல்லாம் மற்ற இருவரும் அளவாகச் சாப்பிடுவதைப் பற்றிப் பேசினார்கள்.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் 1919 மார்ச் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். லாயிட் ஜார்ஜ் வார இறுதிக்கு ஃபோன்டேன்ப்ளோ காட்டுப்பக்கம் போய், ஆலோசகர்களோடு உட்கார்ந்து ஒரு குறிப்பு தயாரித்துக்கொண்டு வந்தார். ஜெர்மனியை ரொம்ப நெருக்கினால் அது ரஷ்யாவின் போல்ஷெவிக் புரட்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிடும், நிதானமாக நடந்துகொள்வோம் என்பது சாரம். நல்ல யோசனைதான். கிளெமான்சோ தரப்பு கொடுத்த பதில் என்ன தெரியுமா? ஜெர்மனியைச் சமாதானப்படுத்த ஆசை என்றால் அதன் காலனிகளையும் கப்பல்களையும் திருப்பிக் கொடுக்கலாமே என்பதுதான். அதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நம்மூரில் ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்போம்.

காய்க்கிற மரம்

கிளெமான்சோவுக்கு அப்போது 77 வயது. தோல் நோய்க்காக எப்போதும் சாம்பல் நிறக் கையுறை. பிப்ரவரி 19-ஆம் தேதி வீட்டைவிட்டுக் கிளம்பிய காரின் மேல் ஓர் அராஜகவாத இளைஞன் சரமாரியாகச் சுட்டான். பாய்ந்த குண்டு ஒன்று விலா எலும்புகளுக்கிடையே தங்கிவிட்டது. எடுப்பது ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, குண்டோடே வேலைக்கு வந்துவிட்டார். சுட்டவனுக்கு விதித்த மரண தண்டனை பின்னால் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. நம் பாட்டிகள் இப்படிப்பட்ட ஆளை ‘எம்டன்’ என்பார்கள். அந்தச் சொல்லே 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பலின் பெயர் என்பது தனி வேடிக்கை. ஜெர்மானியரை ஆகாத ஒரு பிரெஞ்சுக்காரருக்கு ஜெர்மானியப் பட்டம்.

ஏன் ஆகாது என்பதற்கு வருஷக் கணக்கு உண்டு. 1871-இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்து, 500 கோடி ஃபிராங்க் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. பணம் கட்டி முடிக்கும்வரை ஜெர்மானியப் படை பிரெஞ்சு மண்ணைவிட்டு நகரவில்லை. அந்தச் சமாதானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட இளம் உறுப்பினர்களில் கிளெமான்சோ ஒருவர். அதே ஜெர்மானியர்கள் 1914-இல் மறுபடி வந்தார்கள். இம்முறை 13 லட்சத்துக்கும் அதிகமான பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். சண்டை நடந்ததெல்லாம் இவர்கள் வயலில், இவர்கள் ஊரில். ஜெர்மனிக்குள் ஒரு தொழிற்சாலைக்குக்கூடப் பெரிய சேதமில்லை. லான்ஸ் நகரத்து நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீரை விட்டு நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனதில் தைத்தது மரங்கள். 1917 தொடக்கத்தில் ஜெர்மானியப் படை ஓரிடத்தில் பின்வாங்கியது. போகிற போக்கில் வீடுகளை இடித்து, கிணறுகளைப் பாழாக்கி, தோட்டத்து ஆப்பிள் மரங்களையும் பேரி மரங்களையும் வரிசையாக வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனது. பகைவனின் காவல் மரத்தை வெட்டுவது நமக்குத் தெரியாததில்லை, சங்கப் பாட்டு முழுக்க உண்டு. ஆனால் அது அரசனின் மரம், வெட்டினால் அரசனுக்கு அவமானம். இது குடியானவன் வீட்டுக் கொல்லையில் காய்த்துக்கொண்டிருந்த மரம். எங்கள் ஊரில் காய்க்கிற மரத்தில் கோடாலி வைத்தால் வீட்டில் பிள்ளை தங்காது என்று இன்றைக்கும் சொல்வார்கள். வில்சன் பாரிஸுக்கு வந்ததும், பாழான ஊர்களைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அதைப் பார்த்தால் கோபத்தில் புத்தி தடுமாறும் என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டார். நியாயம்தான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. பார்க்காமலே எப்படித் தீர்ப்பு சொல்வது என்று மறுநாள் தோன்றுகிறது.

ஆகவே மகளின் கேள்வி கிளெமான்சோவின் கேள்வியும்தான். பிரான்ஸில் சுமார் 4 கோடிப் பேர், ஜெர்மனியில் 6 கோடிக்கு மேல். இன்னும் இருபது வருஷத்தில் அங்கே படைக்குப் போகும் வயதில் இருப்பவர்கள் இங்கே இருப்பவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முன்பு கிழக்கே காவலுக்கு இருந்த ரஷ்யா புரட்சியோடு போய்விட்டது. அப்படியானால் மிச்சம் ஆறுதான். பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ் ஒற்றைக் காலில் நின்றார்: ஜெர்மனியின் மேற்கு எல்லை ரைன், அதற்கு இந்தப் பக்கம் ஜெர்மானியச் சிப்பாய் நிழலும் விழக்கூடாது. கொலோன், கோப்லென்ஸ், மைன்ஸ் எல்லாம் தனி நாடாகவோ வேறெப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற இருவருக்கும் இது அடியோடு பிடிக்கவில்லை. அல்சாஸைப் பிடுங்கியதால் 47 வருஷம் பிரான்ஸ் பொருமிக்கொண்டிருந்ததே, இன்னொரு அல்சாஸை எதற்கு உண்டாக்க வேண்டும் என்று லாயிட் ஜார்ஜ் கேட்டார். அதுவும் நியாயமான கேள்வி. இந்தக் கதையில் எல்லாருடைய கேள்வியும் நியாயமாக இருப்பதுதான் தொல்லை.

மார்ச் 14

பிப்ரவரியில் ஊருக்குப் போயிருந்த வில்சன் மார்ச் 14-ஆம் தேதி பாரிஸ் திரும்பினார். அன்றைக்கே அவரும் லாயிட் ஜார்ஜும் பேசிவைத்துக்கொண்டு கிளெமான்சோவைக் கிரியோன் ஓட்டலில் சந்தித்தார்கள். மூன்று பேர் மட்டும். ரைனை விட்டுவிடுங்கள். ஜெர்மனி மறுபடி காரணமில்லாமல் உங்கள் மேல் பாய்ந்தால் நாங்கள் இருவரும் உடனே படையோடு வருவோம், தனித்தனியாக ஒப்பந்தமே எழுதித் தருகிறோம். துணைக்கு வேகமாக வர ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் சுரங்கப்பாதை போடுவதைப் பற்றிக்கூட லாயிட் ஜார்ஜ் பேசினார். (அந்தப் பாதை 1994-இல்தான் திறந்தது.)

இப்படி ஒரு வாக்குறுதியை எந்தப் பிரெஞ்சுப் பிரதமரும் அதுவரை கேட்டதில்லை. அமெரிக்கா தன் வரலாற்றில் இப்படி யாருக்கும் ஜாமீன் நின்றதே அரிது. கிளெமான்சோ யோசிக்க நேரம் கேட்டார். நம்பிக்கையான மூன்று நான்கு பேரைக் கூட்டிவைத்துப் பேசினார். ஃபோஷை அழைக்கவில்லை. மூன்றாம் நாள் சரி என்றார், சில நிபந்தனைகளோடு. ரைனுக்கு மேற்கிலும், கிழக்கே 50 கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஜெர்மனி படையோ கோட்டையோ வைக்கக்கூடாது. மேற்குப் பகுதியில் நேசநாட்டுப் படை இருக்கும். ஐந்து வருஷத்துக்கொரு பகுதியாக 15 வருஷத்தில் காலி செய்யும். அந்தப் பதினைந்து வருஷத்துக்காக ஏப்ரல் 20-ஐத் தாண்டும்வரை இழுபறி. நடுவில் ஜெர்மனியின் ‘சார்’ என்ற நிலக்கரிப் பகுதி பற்றிய சண்டையில் வில்சனை ‘ஜெர்மனிக்கு வேண்டியவர்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார் கிளெமான்சோ. வில்சனும் சளைக்கவில்லை, ஊருக்குப் போகிறேன், கப்பலைத் தயார் செய்யுங்கள் என்று தந்தி கொடுக்கச் சொன்னார்.

கடைசியில் கிளெமான்சோ விட்டுக்கொடுத்தார். நான் ஐந்து மார்க்குக்கு எழுதிய ‘பழிவாங்கத் துடித்தவர்’, கையில் இருந்த ஆற்றைக் கொடுத்துவிட்டு இரண்டு கையெழுத்தை வாங்கிக்கொண்டார். ஃபோஷ் கொதித்தார். இது சமாதானம் இல்லை, இருபது வருஷத்துக்குப் போர் நிறுத்தம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். எல்லாரும் அதை ‘உடன்படிக்கை கொடுமையானது’ என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். அவர் கவலை நேர் எதிர்: உடன்படிக்கை போதவில்லை.

எங்கள் பெரியப்பா

இந்த இடத்தில் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. எண்பதுகளின் நடுவில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு நாற்பதாயிரம் கடன் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அந்த ஆள் ஏற்கனவே ஒரு முறை வரப்புத் தகராறில் பெரியப்பாவை ஸ்டேஷன்வரை இழுத்தவர். அதனால் நிலத்தின் மூலப் பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து அந்த ஆள் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரம் வேண்டும் என்று வந்து நின்றார். கூடவே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். எனக்கு அப்போது பத்து வயது. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. "பொண்ணு விஷயம், குடுத்துருங்க மாமா. பணம் வரலேன்னா எங்களக் கேளுங்க. நாங்க இருக்கோம்ல?" என்றார் அவர்களில் இளையவர். பெரியப்பா கொஞ்ச நேரம் வெற்றிலையை நீவிக்கொண்டே இருந்தார். அப்புறம் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். அந்தக் கதவு கிறீச்சிட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஆறடி உயரப் பெரியப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குச் சின்னவராகத் தெரிந்தார்.

உவமை இடிக்கிற இடம் எனக்கும் தெரியும். கடன்காரர் எங்கள் கொல்லை மரத்தை வெட்டவில்லை. பெரியப்பாவுக்குப் போனது பணம்தான்.

‘பின்னரே’

1919 ஜூன் 28. வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மனி கையெழுத்துப் போட்ட அதே நாளில் அந்த இரண்டு ஜாமீன் ஒப்பந்தங்களும் கையெழுத்தாயின. படம் எடுத்ததும் எழுதியதும் எல்லாம் பெரிய உடன்படிக்கையைப் பற்றித்தான். சின்ன ஒப்பந்தங்களை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டன் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி: அமெரிக்காவின் ஒப்பந்தம் உறுதி செய்யப்பட்ட பின்னரே இது நடைமுறைக்கு வரும். அந்த ‘ஏ’யைக் கவனியுங்கள். தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்திலும் சின்ன ஒற்றைச் சொல்தான். இரண்டு தனித்தனிக் கயிறு என்று நம்பி ஏறியவருக்கு, இரண்டும் ஒரே ஆணியில் மாட்டியிருப்பது மேலே போனபிறகுதான் தெரிகிறது.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஜூலையிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. எந்தப் பாரமும் தோளில் ஏறாத ஒப்புதல். அமெரிக்காவில் வில்சன் ஊர் ஊராகப் பேசிக்கொண்டே போய், அக்டோபரில் பக்கவாதம் வந்து படுத்தார். நவம்பர் 19-ஆம் தேதி செனட் வெர்சாய் உடன்படிக்கையை நிராகரித்தது. 1920 மார்ச்சில் மறுபடியும். பிரான்ஸுக்குக் கொடுத்த ஜாமீன் பத்திரமோ வாக்கெடுப்புவரைகூடப் போகவில்லை, குழுவிலேயே கிடந்து மக்கியது. அது செத்ததும் பிரிட்டன் எழுதிக் கொடுத்ததும் கூடவே செத்தது. யாரும் வாக்குத் தவறவில்லை, பாருங்கள். ஜாமீனைப் பற்றிச் செனட் எதையும் சொல்லவே இல்லை. பிரிட்டன் சொன்னபடியேதான் நடந்தது.

இதற்குப் பிறகுதான் ஐந்து மார்க் பதில் எனக்கு முழுசாகக் கைவிட்டுப் போனது. உடன்படிக்கை கடுமையா, மென்மையா என்று நூறு வருஷமாக வாதாடுகிறார்கள். கடுமை என்ற கட்சிக்கு நல்ல வக்கீல் கிடைத்தார்: பிரிட்டிஷ் கருவூலத்தின் சார்பில் வந்திருந்த பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் ஜூனில் ராஜினாமா செய்துவிட்டுப் போய், அந்த வருஷத்துக்குள்ளேயே புத்தகம் எழுதிவிட்டார். ஜெர்மனி கட்டவேண்டிய தண்டமாக 1921-இல் நிர்ணயித்த 13,200 கோடி தங்க மார்க் என்ற தொகையை எல்லாரும் சொல்வார்கள். அதில் பெரும்பாதி, வசூலாகும் என்று யாருமே நம்பாத மூன்றாம் வகைப் பத்திரங்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். என் எண்ணம் இதுதான்: அந்த உடன்படிக்கையின் ஒவ்வொரு பகுதியும் வேறொரு உடன்படிக்கைக்காகத் தைத்த துணி. ஜெர்மனிக்கு ஒரு லட்சம் பேர் கொண்ட படை, அதில் கட்டாய ஆள்சேர்ப்பு கூடாது என்பது லாயிட் ஜார்ஜ் வற்புறுத்தியது. ஃபோஷுக்கு அதில் பயம். நீண்டகாலம் பயிற்சி பெற்ற அந்த ஒரு லட்சம் பேரும் நாளைக்கு ஒரு பெரும்படைக்கு அதிகாரிகள் ஆவார்கள் என்றார். அப்படித்தான் ஆனது. எல்லைகளைச் சர்வதேச சங்கம் பிற்பாடு சரிசெய்துகொள்ளும் என்பது வில்சனின் நம்பிக்கை. அந்தச் சங்கத்தில் அவர் நாடே சேரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்த நூல் அந்த ஜாமீன். நூல் போனபின் கிடைத்தது, ஜெர்மனிக்கு ஆத்திரம் வரும் அளவுக்குக் கடுமையும் பிரான்ஸுக்குத் தூக்கம் வராத அளவுக்கு மென்மையும் கொண்ட ஒன்று. 1923-இல் பிரான்ஸ் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் படையோடு போனதைப் பேராசை என்று எழுதுகிறார்கள். பேராசையும் இருக்கலாம். ஆனால் தனியாக விடப்பட்டவர் ராத்திரியில் சின்னச் சத்தத்துக்கெல்லாம் கம்பை எடுக்கும் பயம்தான் எனக்கு அதில் அதிகம் தெரிகிறது. 1936 மார்ச் 7-ஆம் தேதி ஹிட்லரின் சிப்பாய்கள் அந்தப் படையில்லாத பகுதிக்குள் நடந்து வந்தபோது, பிரான்ஸ் கம்பைக்கூட எடுக்கவில்லை. பிரிட்டன் வந்தால் பார்க்கலாம் என்று இருந்துவிட்டது.

கிளெமான்சோ அப்போது உயிரோடு இல்லை. 1920 ஜனவரியிலேயே அரசியலைவிட்டுப் போனார். குடியரசுத் தலைவராக வரவேண்டியவரை அவர் சகாக்களே ஒதுக்கினார்கள். ‘வெற்றியின் தந்தை’ என்று கொண்டாடிய பிரெஞ்சுச் சொல்லை லேசாகத் திருகினால் ‘வெற்றியைத் தொலைத்தவர்’ என்று வரும், எதிரிகள் திருகினார்கள். ஊர் உலகத்துக்கு அவர் கொடுமைக்காரர், சொந்த ஊரில் இளிச்சவாயர்.

பெரியப்பாவின் பணம் வரவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, ஜாமீன் சொன்ன மூத்தவர் வீட்டுக்குப் போனார். அவர் திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட்டிருந்தார். இளையவர் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். "அவரு பாதி குடுத்தா நானும் பாதி குடுக்கிறதாத்தானே மாமா பேச்சு?" என்றாராம். பெரியப்பா திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

கிளெமான்சோ பேசினார். 1922 நவம்பரில், 81 வயதில், விலாவில் அந்தக் குண்டோடு, சொந்தப் பொறுப்பில் கப்பலேறி நியூயார்க்கில் இறங்கினார். இளவயதில் அங்கே சில வருஷம் இருந்து ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், ஆங்கிலம் சரளமாக வரும். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ என்று மேடை மேடையாக ஏறி, எங்களை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள். வாஷிங்டனில் நோயாளியாகக் கிடந்த வில்சனையும் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். டிசம்பரில் அதே கடல் வழியாக வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.